மாலைநேரத்து இரு பாடல்கள்: ஹெர்பர்ட் ஹவல்ஸின் 'கொலீஜியம் ரெகாலே'

ஆங்கிலிக்கன் திருச்சபையின் மாலை ஆராதனையில் இரண்டு பாடல்கள் அடுத்தடுத்து ஒலிக்கும். முதற்பாடலைப் பாடுபவள் கருவுற்ற இளம்பெண். இரண்டாம் பாடலைப் பாடுபவர் சாவை எதிர்நோக்கி நிற்கும் முதியவர். இரண்டும் லூக்கா எழுதிய நற்செய்தியில் உள்ளவை. மரியாள் தன் உறவினளான எலிசபெத்தின் இல்லத்திற்குச் சென்றபோது பாடியது 'மேக்னிஃபிகாட்'. எருசலேம் ஆலயத்தில் குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய சிமியோன் பாடியது 'நுங்க் டிமிட்டிஸ்'. இலத்தீன் வடிவில் அப்பாடல்களின் தொடக்கச் சொற்களே அவற்றின் பெயர்களாக நிலைத்துவிட்டன. முதற்சீராலேயே ஒரு பாடலைக் குறிக்கும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. பாடல்களும் தமிழுக்குப் புதியன அல்ல. தரங்கம்பாடியில் 1714இல் சீகன்பால்கு அச்சிட்ட நற்செய்தி நூல்களின் வழியே அவை தமிழில் அச்சேறிவிட்டன.

இவ்விரு பாடல்களுக்கும் ஆங்கில இசையாளர் அமைத்த இசையமைப்புகள் எண்ணிலடங்கா. ஏறத்தாழ நான்கரை நூற்றாண்டுகளாக ஒவ்வொரு தலைமுறையும் அதே சொற்களை எடுத்து மீண்டும் மீண்டும் இசைப்படுத்தி வந்திருக்கிறது. அவற்றுள் 1945ஆம் ஆண்டு ஹெர்பர்ட் ஹவல்ஸ் கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரிக்காக அமைத்த 'கொலீஜியம் ரெகாலே' தனி இடம் பெற்றது. 'அரச கல்லூரி' என்பதே அவ்விலத்தீன் தொடரின் பொருள். ஒரு சொல்லும் புதிதாக எழுதாமல், பழைய சொற்களின் பொருளையே ஒரு கலைஞன் எவ்வாறு மாற்றிவிட முடியும் என்பதற்கு அது தக்க சான்று.

இப்பாடல்கள் இணைந்த வரலாற்றை முதலில் காணல் வேண்டும். இடைக்கால மடங்களில் துறவியர் நாள் முழுவதையும் பல வழிபாட்டு வேளைகளாகப் பகுத்திருந்தனர். மாலை வேளை வழிபாட்டில் மரியாளின் பாடலும், உறங்கப்போகும் முன் நிகழும் இரவு வழிபாட்டில் சிமியோனின் பாடலும் பாடப்பட்டன. 1549இல் வெளிவந்த ஆங்கிலப் பொது ஜெப புத்தகத்தை உருவாக்கிய பேராயர் தாமஸ் கிரான்மர், துறவியருக்குரிய அவ்வேளைகளைச் சுருக்கிப் பொதுமக்களுக்குரிய இரண்டே வழிபாடுகளாக்கினார்: காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அச்சுருக்கத்தின் விளைவாகவே தனித்தனியே இருந்த இரு பாடல்களும் ஒரே மாலைக்குள் வந்து சேர்ந்தன. பிறப்பை எதிர்நோக்கும் குரலும் இறப்பை எதிர்நோக்கும் குரலும் சில நிமிட இடைவெளியில் ஒலிக்கும் அமைப்பு இவ்வாறு ஒரு நிருவாகச் சீர்திருத்தத்தால் பிறந்தது. கவிஞன் ஒருவன் திட்டமிட்டிருந்தாலும் இதனினும் சிறப்பாக அமைத்திருப்பானா என்பது ஐயமே.

கிரான்மருக்கு இசையைப் பற்றித் தெளிவான கருத்து இருந்தது. ஓர் அசைக்கு ஒரு சுரமே போதும். சொல் தெளிவாகக் கேட்க வேண்டும் என்று 1544இல் மன்னர் எட்டாம் ஹென்றிக்கு எழுதிய கடிதத்தில் அவர் வற்புறுத்தினார். 1548இல் லிங்கன் பேராலயத்திற்கு அரசாணையாகவே இவ்விதி விடுக்கப்பட்டது. சொல் பெரிதா, இசை பெரிதா என்ற வழக்கு எல்லா நாட்டிலும் உண்டு. இங்கிலாந்தில் அரசே சொல்லின் பக்கம் தீர்ப்பு எழுதியது. ஆயினும் டாலிஸ், பேர்ட், கிப்பன்ஸ் முதலிய பெருங்கலைஞர்கள் அத்தீர்ப்புக்கு அடங்கியும் அடங்காமலும் தம் இசையை வளர்த்தனர். 1645இல் நாடாளுமன்றம் ஜெப புத்தகத்தையே தடைசெய்தது. பாடகர் குழுக்கள் கலைந்தன. பல ஆலயங்களில் ஆர்கன்கள் உடைக்கப்பட்டன. 1660இல் முடியாட்சி மீண்டபின் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது.

இங்கு ஒரு செய்தி கவிஞர்கள் கருதத்தக்கது. 1611இல் ஜேம்ஸ் மன்னர் காலத்துப் புதிய விவிலிய மொழிபெயர்ப்பு வெளிவந்தது. 1662இல் ஜெப புத்தகம் திருத்தப்பட்டபோது, வாசிக்கப்படும் நற்செய்திப் பகுதிகள் புதிய மொழிபெயர்ப்புக்கு மாறின. பாடப்படும் பகுதிகளோ பழைய சொற்களிலேயே நின்றுவிட்டன. நாவில் ஊறிப்போன சொல்லை அறிஞர் குழு அசைக்க முற்படவில்லை. ஆகவே 1945இல் ஹவல்ஸ் எடுத்துக்கொண்ட சொற்கள் பதினாறாம் நூற்றாண்டின் சொற்களே.

பதினெட்டாம் நூற்றாண்டிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் ஆலய இசை பொதுவாகச் சோர்ந்து கிடந்தது. சாமுவேல் செபாஸ்தியன் வெஸ்லி போன்ற ஓரிருவர் அதனை எதிர்த்துப் போராடினர். 1879இல் சார்லஸ் வில்லியர்ஸ் ஸ்டான்ஃபோர்டு அமைத்த ஆராதனை இசையே திருப்புமுனை என்பர். சிம்பொனியின் கட்டுக்கோப்பை அவர் ஆலயத்திற்குள் கொண்டுவந்தார். பின்னர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் அமைத்த மற்றொரு மேக்னிஃபிகாட்டில், ஒரு சிறுவன் தனித்துப் பாட, ஆர்கன் இராட்டை சுழல்வது போல் ஓடிக்கொண்டிருக்கும். நூல் நூற்றுக்கொண்டே பாடும் இளம்பெண்ணாக மரியாள் அதில் காட்சி தருகிறாள். அதன் இணையான நுங்க் டிமிட்டிஸில் சிமியோனுக்கு அவர் தந்தது கனத்த பாஸ் குரல். முதியவருக்கு ஆழ்ந்த குரல் என்பது இயல்பான தேர்வுதான். அந்த ஸ்டான்ஃபோர்டின் மாணவரே ஹவல்ஸ். ஆசிரியரின் அவ்வியல்பான தேர்வைப் பின்னாளில் மாணவர் ஏற்கவில்லை.

ஹவல்ஸ் 1892ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் குளொஸ்டர்ஷயரைச் சேர்ந்த லிட்னி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை கட்டடத் தொழில் செய்தவர். ஞாயிறுதோறும் பாப்டிஸ்டு ஆலயத்தில் ஆர்கன் வாசித்தவர். தொழிலில் நொடித்துப்போனதால் குடும்பம் ஊரில் தலைகுனிய நேர்ந்தது. அவ்வூர்ப் பெருங்குடியினர் ஒருவரின் உதவியால் சிறுவன் குளொஸ்டர் பேராலய ஆர்கன் கலைஞர் ஹெர்பர்ட் புரூவரிடம் பயிலச் சென்றான். உடன் பயின்றவருள் ஒருவர் ஐவர் கர்னி. இசையாளர், அதனினும் சிறந்த கவிஞர். 1910ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள் அப்பேராலயத்தில் வான் வில்லியம்ஸ், டாலிஸின் ஒரு பழம்பண்ணை அடியாகக் கொண்டு படைத்த தந்தியிசைக் கற்பனை முதன்முதலாக இசைக்கப்பட்டது. அன்றிரவு உறங்க இயலாமல் ஹவல்ஸும் கர்னியும் குளொஸ்டர் தெருக்களில் நடந்துகொண்டே இருந்தனர் என்பது பின்னாளில் ஹவல்ஸ் பலமுறை நினைவுகூர்ந்த செய்தி. பதினாறாம் நூற்றாண்டு இறந்துபோன காலமன்று என்பதை அப்பதினேழு வயதினர் அன்று கண்டுகொண்டார். கற்றூண்களுக்கிடையே ஒலி எவ்வாறு எழுந்து, தங்கி, கரைகிறது என்பதையும் அவர் கற்றது அப்பேராலயத்திலேதான்.

1912இல் உதவித்தொகை பெற்று லண்டன் அரச இசைக் கல்லூரியில் சேர்ந்தார். 1915இல் கிரேவ்ஸ் நோய் என்னும் தைராய்டு நோய் கண்டது. ஆறு மாதமே உயிர்வாழ்வார் என மருத்துவர்கள் நாள் குறித்தனர். அக்காலத்தில் சோதனை நிலையிலேயே இருந்த ரேடியம் சிகிச்சைக்கு அவர் உடன்பட்டார், பிழைத்தார். நோயினால் போர்க்களம் செல்லவில்லை. கர்னி சென்றார்; மீண்டார்; பின்னர் மனநோய் முற்றி, வாழ்வின் இறுதிப் பதினைந்து ஆண்டுகளை மனநல விடுதிகளிலேயே கழித்தார்.

சாவைத் தாம் வென்றதாக ஹவல்ஸ் எண்ணியிருப்பின், 1935 அவ்வெண்ணத்தைச் சிதைத்தது. குடும்பத்துடன் குளொஸ்டர்ஷயரில் விடுமுறையைக் கழித்துக்கொண்டிருந்தபோது ஒன்பது வயது மகன் மைக்கேலை இளம்பிள்ளை வாதம் பற்றியது. சின்னாட்களில், செப்டம்பர் 6ஆம் நாள், சிறுவன் இறந்தான். டிவிக்வொர்த் என்னும் சிற்றூரின் ஆலய முற்றத்தில் அடக்கம் நடந்தது. ஈராண்டுகள் கழித்து 1937இல் மாண்ட கர்னியும் அதே முற்றத்தில் அடக்கம் செய்யப்பட்டார். மகனும் இளமைத் தோழனும் ஒரே புல்வெளியில்.

தமிழ் மரபு இத்தகு துயரைக் கையறுநிலை என்னும். செய்வதற்கு ஏதுமற்ற நிலையே பாடலாவது அத்துறை. ஹவல்ஸின் கையறுநிலை 'ஹிம்னஸ் பாரடைசி' என்னும் பெரும் படைப்பாயிற்று. 1938இல் அதனை உருவாக்கி முடித்தவர் யாருக்கும் காட்டாமல் மூடி வைத்தார். நண்பர்கள் வற்புறுத்த, 1950ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள், மகன் இறந்த பதினைந்தாம் ஆண்டு நிறைவுக்கு மறுநாள், குளொஸ்டர் பேராலயத்தில் தாமே நின்று நடத்தினார். அவருடைய மாலைப் பாடல்களின் இசை உருவானது அப்படைப்பு பெட்டிக்குள் கிடந்த ஆண்டுகளில்தான். காலவரிசையைக் கருதாமல் 'கொலீஜியம் ரெகாலே'யைக் கேட்போர் அதில் அழகை மட்டுமே கேட்பர்.

இரண்டாம் உலகப்போர் ஹவல்ஸை கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்தது. 1940இல் லண்டனில் அவரது இல்லம் குண்டுவீச்சில் சேதமுற்றது. செயின்ட் ஜான்ஸ் கல்லூரியின் ஆர்கன் கலைஞர் ராபின் ஆர் விமானப்படைக்குச் சென்றதால், 1941 முதல் 1945 வரை ஹவல்ஸ் அவருக்குப் பதிலாளாகப் பணியாற்றினார். அதுவரை வாத்திய இசையிலும் தனிப்பாடல்களிலுமே பெரிதும் ஈடுபட்டிருந்தவர், ஐம்பது வயதை நெருங்கும்போது நாள்வழிபாட்டின் ஒழுங்குக்குள் மீண்டும் வந்து சேர்ந்தார். போர் நிகழ்த்திய விந்தைகளுள் இதனையும் ஒன்றாகக் கொள்ளலாம்.

அடுத்து நிகழ்ந்தது ஒரு பந்தயக் கதை. கிங்ஸ் கல்லூரியின் டீன் எரிக் மில்னர்-ஒயிட் முதல் உலகப்போரில் படைக்குருவாகப் பணியாற்றியவர். 1918இல் கிங்ஸ் சிற்றாலயத்தில் ஒன்பது வாசகங்களும் கரோல் பாடல்களும் கொண்ட கிறிஸ்துமஸ் ஆராதனையைத் தொடங்கிவைத்தவர். 1941இல் ஒரு தேநீர் வேளையில் ஹவல்ஸ், கிங்ஸின் ஆர்கன் கலைஞர் போரிஸ் ஆர்டு, இசையாளர் பேட்ரிக் ஹேட்லி ஆகிய மூவரும் அவருடன் இருந்தனர். கல்லூரிப் பாடகர் குழுவுக்கு ஒரு 'டே டேயும்' இசைத்துத் தருபவருக்கு ஒரு கினி பரிசு என்றார் டீன். பந்தயத்தை ஏற்று முடித்தவர் ஹவல்ஸ் ஒருவரே. உலகில் ஒரு டீனின் பந்தயத்தால் பிறந்த டே டேயும் இது ஒன்றுதான் என்று அவர் பின்னர் வேடிக்கையாகக் கூறுவதுண்டு. 1944இல் காலை ஆராதனைக்குரிய அவ்விசை நிறைவுற்றது. அதற்குள் மில்னர்-ஒயிட் யார்க் பேராலயத்திற்கு மாறிச் சென்றுவிட்டார். எனினும் இசையை அறிந்ததும், திருச்சபை இசையில் புதிய அத்தியாயமே தொடங்கிவிட்டது என்ற கருத்துப்பட ஹவல்ஸுக்கு எழுதினார். அடுத்த ஆண்டு மாலைப் பாடல்கள் வந்தன.

கிங்ஸ் சிற்றாலயத்தைக் கண்டோர்க்கு அவ்விசையை விளக்க வேண்டியதில்லை. ஆறாம் ஹென்றி 1446இல் அடிக்கல் நாட்டியது. ஜான் வாஸ்டெல் 1515இல் விசிறி விரித்தாற்போன்ற கற்கூரையை முடித்தது. சிற்றாலயம் என்ற பெயருக்குப் பொருந்தாமல் ஏறத்தாழ 88 மீட்டர் நீளமும் 24 மீட்டர் உயரமும் கொண்டது. எழுப்பிய ஒலி உடனே மறைவதில்லை. அடுத்த ஒலி வந்து சேரும்வரை கூரையில் தங்கியிருக்கும். விரைந்த சுரங்கள் அங்கே குழம்பிப்போகும். போர்க்காலத்தில் அதன் பழைய வண்ணக் கண்ணாடிகள் பெரும்பாலும் கழற்றப்பட்டுப் பாதுகாப்பாக வைக்கப்பட்டிருந்தன. எனவே வண்ணமிழந்த மண்டபம் ஒன்றுக்காகவே ஹவல்ஸ் இவ்விசையை எழுதினார். அவர் எழுதும் ஒத்திசைவுகள் ஒன்றோடொன்று உராய்ந்து மெல்லக் கரைபவை. முந்தைய ஒலியின் எச்சத்தின்மேல் அடுத்த ஒலி படிகையில் தோன்றும் மங்கலான ஒளியையும் அவர் கணக்கில் கொண்டார். கட்டடத்தையே ஒரு வாத்தியமாகக் கொண்டார் என்று கூறின் மிகையாகாது.

மேக்னிஃபிகாட் சிறுவர் குரல்களில் மெல்லத் தொடங்குகிறது. ஆர்கன் பின்னணியில் தாழ்ந்து நிற்கிறது. பாடலின் முற்பாதி முழுவதும் மேற்குரல்களிலேயே நடக்கிறது. இறைவன் தன் புயவலிமையைக் காட்டியதைச் சொல்லும் இடத்தில்தான் ஆடவர் குரல்கள் வந்து சேர்கின்றன. இந்தப் பங்கீடு ஓர் ஆழ்ந்த முடிவு. பாடல் ஒரு பெண்ணுடையது. அதன் முதல் உரிமை அக்குரலுக்கே என்பது அதன் பொருள். கிங்ஸில் பாடுவோர் சிறுவர்களும் இளைஞர்களுமே. ஆயினும் அவ்விசையின் சாயலில் பெண்மையே நிற்கிறது.

இனி வருவது பாடலின் கடினமான இடம். மரியாளின் பாடல் தாலாட்டன்று. அரியணையில் வீற்றிருப்போர் வீழ்வர், எளியோர் எழுவர், பசித்தோர் வயிறு நிறையும், செல்வர் வெறுங்கையுடன் திரும்புவர் என்று முழங்கும் பாடல் அது. பழைய ஏற்பாட்டில், பிள்ளைப்பேறு வாய்த்த அன்னாள் பாடிய பாடலின் வழிவந்தது. பல இசையாளர் இவ்விடத்தில் இடிமுழக்கம் செய்வர். ஹவல்ஸ் அவ்வாறு செய்யவில்லை. பிற்காலத்தில் இவ்விசையின் ஒலிப்பதிவுக்கு அவர் எழுதிய குறிப்பில் காரணத்தையும் கூறினார். ஒரு பெண்ணின் பாடலில் வலியோரைக் கீழிறக்குவதற்கு முரட்டு வலிமை வேண்டியதில்லை. அது பாடலின் இயல்பையே மறுப்பதாகும் என்பது அவர் கருத்தின் சாரம். குரல் உயர்த்த வேண்டிய இடம் முடிவில் வரும் மகிமைப்பாட்டு மட்டுமே என்றும் அவர் வரையறுத்தார்.

இத்தேர்வில் இழப்பு இல்லையா? உண்டு. பசித்தோர் பற்றிய அடி இவ்விசையில் அழகாகக் கடந்துபோகிறது. அதன் கூர்மை கேட்போரைக் குத்துவதில்லை. அரசன் கட்டிய மண்டபத்தில், அரச கல்லூரியின் பெயரையே தாங்கிய இசையில், அரியணைகள் இவ்வளவு மென்மையாகவா கவிழும் என்று ஒருவர் கேட்டால் அது நேர்மையான கேள்வியே. மறுபக்கமும் சிந்திக்கத்தக்கது. முரட்டு வலிமை அரியணைகளைக் கவிழ்த்த கோலத்தை 1945இல் ஐரோப்பா கண்ணெதிரே கண்டது. பெர்லினிலும் டிரெஸ்டனிலும் இடிபாடுகள் புகைந்த ஆண்டில், வீழ்ச்சியை முழக்கமின்றிச் சொன்ன குரல் ஒன்று இருந்தது என்பதை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. ஹவல்ஸ் அதனை எண்ணித்தான் செய்தார் என்பதற்கு அவர் குறிப்பில் இடமில்லை. ஆனால் இசை பிறந்த ஆண்டு இசையோடு சேர்ந்தே ஒலிக்கிறது.

நுங்க் டிமிட்டிஸில் சிமியோனாக வருவது ஒரு தனி டெனர் குரல். பாடகர் குழு அதன் கீழே மிக மெல்லிய குரலில் தொடர்கிறது. தன் ஆசிரியரைப்போல் முதியவருக்குக் கனத்த பாஸைத் தராமல், உயர்ந்து இளகிய டெனரைத் தந்ததற்குச் சிமியோனின் சாந்தமே காரணம் என அதே குறிப்பில் எழுதினார். அம்முதியவரின் கையில் இருப்பது ஓர் ஆண்குழந்தை. தான் கண்டது போதும், இனி அமைதியாகப் போகலாம் என்பதே அவர் பாட்டின் கருத்து. தன் ஆண்குழந்தையை மண்ணுக்குத் தந்துவிட்டுப் பத்தாண்டுகளாக உயிர்வாழும் தந்தை ஒருவர் இதற்கு இசையமைக்கிறார். டெனர் குரல் ஒவ்வொரு தொடரிலும் மேலெழுந்து, போக மனமின்றித் திரும்புவதுபோல் வளைந்து இறங்குகிறது. விடைபெறும் பாடலில் விடைபெறத் தயங்கும் இசை. மரபான சமய நம்பிக்கை கொண்டவராக ஹவல்ஸைக் காட்ட அவர் வாழ்க்கையை ஆராய்ந்தோர் தயங்குவர். இத்தயக்கம் அவர் இசையிலும் இருக்கிறது. அதனாலேயே அது நம்பிக்கையுடையோரையும் இல்லாதோரையும் ஒருங்கே தொடுகிறது போலும்.

புறவினத்தார்க்கு ஒளி என்ற இடத்தில் குழு முழுதும் விரிகிறது. பின்னர் மகிமைப்பாட்டு. இரண்டு பாடல்களும் ஒரே மகிமைப்பாட்டு இசையில் முடிகின்றன. இது பலர் கையாண்ட உத்திதான். நேரமும் மிச்சம், பயிற்சியும் எளிது. ஆனால் இங்கு, இளம்பெண் ஏறிய அதே மலைக்கு முதியவரும் ஏறிவருவதுபோல் அது அமைந்துவிடுகிறது. அசைக்கு ஒரு சுரம் என்ற கிரான்மரின் விதியை இறுதி ஆமென் முற்றிலும் மறக்கிறது.

இதன்பின் ஹவல்ஸ் இப்பாடல்களை விடவேயில்லை. 1946இல் குளொஸ்டருக்கு, 1951இல் லண்டன் செயின்ட் பால்ஸுக்கு, பின்னர் வெஸ்ட்மின்ஸ்டர், சிசெஸ்டர், ஹெரஃபோர்டு, யார்க் எனத் தொடர்ந்து, 1975இல் அமெரிக்காவின் டல்லாஸ் வரை ஏறத்தாழ இருபது முறை அதே சொற்களுக்கு இசையமைத்தார். செயின்ட் பால்ஸின் மாபெரும் குவிமாடத்தின் கீழ் எதிரொலி நெடுநேரம் நிற்கும். ஆகவே அங்குள்ள இசையில் ஒத்திசைவுகள் மெல்ல மாறுகின்றன. குளொஸ்டருக்கு அமைத்ததில் நினைவின் கசிவு மிகுதி. அதனையே இவற்றுள் தலையாயதாகக் கருதுவோரும் உளர். எனினும் வழி திறந்தது கிங்ஸின் இசையே.

1926 முதல் பி.பி.சி. வானொலி வாரந்தோறும் ஒலிபரப்பும் மாலை ஆராதனையில் இவ்விசையைப் பலமுறை கேட்கலாம். பாடுவோரும் மாறி வருகின்றனர். 1991இல் சாலிஸ்பரி பேராலயம் சிறுமியர் பாடகர் குழுவைத் தொடங்கியது. ஹவல்ஸ் பணியாற்றிய செயின்ட் ஜான்ஸ் கல்லூரிப் பாடகர் குழுவிலும் 2022 முதல் சிறுமியரும் பெண்களும் இடம்பெற்றனர். மரியாளின் பாடலை இன்று அவ்வாலயங்களில் பெண்குரல்களும் பாடுகின்றன.

ஹவல்ஸ் 1983ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள், தம் தொண்ணூறாம் வயதில் லண்டனில் காலமானார். அவரது சாம்பல் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில், பர்செலும் ஸ்டான்ஃபோர்டும் துயிலும் வடபுற நடைவழியில் வைக்கப்பட்டது. மைக்கேலின் கல்லறை டிவிக்வொர்த்திலேயே இருக்கிறது.